கிளட்ச், நடுநிலைப் பாதுகாப்புச் சுவிட்சுகள்

கிளட்ச் பாதுகாப்புச் சுவிட்சு, நடுநிலைப் பாதுகாப்புச் சுவிட்சு ஆகியன, தானுந்து (கார்) கியரில் இருக்கும்போது அதன் பொறி தொடக்கப்படுவதைத் தடுக்கும் சிறு மின்கருவிகள் ஆகும். கைமுறைக் கியர் கொண்ட தானுந்தில் கிளட்ச் மிதியை அடிவரை அழுத்தினால் மட்டுமே தொடக்க மோட்டாருக்கு மின்சாரம் செல்ல முதலாவது வழிவிடுகின்றது. தன்னியக்கக் கியர் கொண்ட தானுந்தில் கியர்த் தண்டு நிறுத்த நிலையிலோ (பார்க்) நடுநிலையிலோ (நியூட்ரல்) இருந்தால் மட்டுமே இரண்டாவது வழிவிடுகின்றது. தமிழ்நாட்டுப் பணிமனைகளில் தொடக்க மோட்டாரைச் "செல்ஃப்" என்றே அழைப்பர். "செல்ஃப் எடுக்கவில்லை" என்று சொல்லப்படும் பழுதுகளில் ஒரு பங்கு, மோட்டாரில் எக்குறையும் இல்லாமல் இச்சுவிட்சுகளாலேயே ஏற்படுவதாகும்.

இச்சுவிட்சுகள் இரு விதமாகப் பழுதடையக்கூடும். மூடவேண்டிய நேரத்தில் மூடாவிட்டால் ஊர்தி கிளம்பாது. திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால் ஊர்தி கியரில் இருக்கும்போதே கிளம்பிவிடும். முதல் வகைப் பழுது உடனே கவனத்துக்கு வருகின்றது. இரண்டாவது வகை ஊர்தியை அன்றாடம் ஓட்டுபவருக்குத் தெரியாமலே நெடுநாள் இருக்கக்கூடியது, ஆபத்தானதும் அதுவே.

தேவையும் வரலாறும்

தொடக்க காலத் தானுந்துகளின் பொறியை முன்புறத்தில் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்றியே கிளப்பவேண்டியிருந்தது. சார்லசு கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி 1912 ஆம் ஆண்டின் காடிலாக் தானுந்துகளில் இடம்பெற்றது. கைப்பிடி திருப்பியடித்துக் கையை முறிக்கும் ஆபத்து இதனால் நீங்கியது. ஆயினும் வேறோர் ஆபத்து உடன் வந்தது. கைப்பிடியைச் சுற்றுபவர் ஊர்தி கியரில் இருந்தால் அதன் கனத்தை உடனே உணர்ந்துவிடுவார். மின் தொடக்கிக்கு அவ்வுணர்வு இல்லை. அதன் சிறிய பற்சக்கரம் பொறியின் பறப்புச் சக்கரத்தை (ஃப்ளைவீல்) மிகுந்த முறுக்கு விசையுடன் சுழற்றுகின்றது. ஊர்தி முதற் கியரிலோ பின்னோக்குக் கியரிலோ இருப்பின், தொடக்க மோட்டார் மட்டுமே ஊர்தியை நடைவேகத்தில் நகர்த்திவிடும். அதற்குள் பொறியும் பற்றிக்கொண்டால் ஊர்தி தானே ஓடத் தொடங்கும்.

தன்னியக்கக் கியர்கள் பரவியபோது இத்தேவை கூடியது. செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் ஐட்ரா-மாட்டிக் கியர் 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்சுமொபைல் தானுந்துகளில் அறிமுகமானது. இத்தகைய ஊர்தியில் கிளட்ச் மிதி இல்லை. எனவே ஓட்டுநர் காலால் இணைப்பைத் துண்டிக்க இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் 1968 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி ஊர்திப் பாதுகாப்புத் தரம் 102, தன்னியக்கக் கியர்த் தண்டு முன்னோக்கு நிலையிலோ பின்னோக்கு நிலையிலோ உள்ளபோது தொடக்கி இயங்கக்கூடாது எனக் கட்டாயமாக்கியது. நடுநிலையானது முன்னோக்கு, பின்னோக்கு நிலைகளுக்கு இடையில் அமையவேண்டும் என்பதும் இதே தரத்தின் விதி.

கைமுறைக் கியருக்கு இத்தரம் இவ்வாறான விதி எதையும் வகுக்கவில்லை. எனினும் 1980களில் இருந்து அமெரிக்கச் சந்தைக்கான ஊர்திகளில் கிளட்ச் சுவிட்சு பரவலாயிற்று. இந்தியாவில் பழைய தானுந்துகள் பலவற்றில் கிளட்சைத் தொடாமலே சாவியைத் திருப்பலாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கைமுறைக் கியர் ஊர்திகளில் கிளட்ச் சுவிட்சு இல்லாமல் முடியாது. கணினி ஓட்டுநரின் எண்ணத்தை அம்மிதியின் மூலமே அறிந்துகொள்கின்றது.

இச்சுவிட்சை எல்லோரும் விரும்பியதில்லை. கிளட்சை அழுத்தியபடி பொறியைக் கிளப்பும்போது, எண்ணெய் இன்னும் ஏறாத நிலையில் வணரித்தண்டின் (கிராங்சாஃப்ட்) உந்துதாங்கி மீது சுமை விழுகின்றது என்பது பழைய இயந்திரத் தொழிலாளர் பலரின் குறை. இதில் உண்மை இல்லாமலில்லை, ஆனால் குழந்தையொன்று சாவியைத் திருப்பி ஊர்தியை நகர்த்துவதோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை. மற்றொரு குறை கவனிக்கத்தக்கது. இருப்புப்பாதைக் கடவில் பொறி நின்றுபோனால், முதற் கியரில் போட்டுக் கிளட்சை விட்டுத் தொடக்கியின் பலத்தாலேயே ஊர்தியை வெளியே நகர்த்தலாம் என்று முன்பு ஓட்டுநருக்குக் கற்பிக்கப்பட்டது. கிளட்ச் சுவிட்சு உள்ள ஊர்தியில் இது இயலாது. கிளட்சை விட்டவுடன் தொடக்கி நின்றுவிடும். செங்குத்தான பாறைச் சரிவில் நின்றுபோன ஊர்தியை உருளவிடாமல் கியரிலேயே கிளப்ப வேண்டிய காட்டுவழிப் பயணங்களுக்காக, டொயோட்டா தனது நாற்சக்கர உந்து ஊர்திகள் சிலவற்றில் இத்தடையை நீக்கும் தனிப் பொத்தானையே வைத்தது.

அமைப்பும் செயற்பாடும்

தொடக்க மோட்டார் ஒரு நூறு ஆம்பியருக்கும் கூடிய மின்னோட்டத்தை உறிஞ்சக்கூடியது. இவ்வளவு பெரிய மின்னோட்டத்தைச் சாவித்துளைச் சுவிட்சு வழியே அனுப்ப முடியாது. எனவே இது படிப்படியாக இயக்கப்படுகின்றது. சாவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பும்போது சிறு மின்னோட்டம் ஒரு ரிலேயின் சுருளுக்குச் செல்கின்றது. ரிலே மூடி, மோட்டாரின் மீதுள்ள சொலினாய்டுக்கு மின்சாரத்தை அனுப்புகின்றது. சொலினாய்டு பற்சக்கரத்தை முன்னே தள்ளியவாறு, மின்கலத்திலிருந்து (பேட்டரி) வரும் தடித்த கம்பியை மோட்டாருடன் இணைக்கின்றது. பாதுகாப்புச் சுவிட்சு இச்சங்கிலியின் முதற் கண்ணியில், அதாவது ரிலேயின் சுருளுக்கான சுற்றில், தொடராக அமைந்துள்ளது. அங்கே ஓடுவது ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே என்பதால் சுவிட்சு சிறியதாக இருந்தால் போதும். ரிலே இல்லாத பழைய ஊர்திகளில் சொலினாய்டின் மின்னோட்டம் முழுவதையும் சுவிட்சே சுமக்கவேண்டியிருந்தது. அவற்றில் தொடுமுனைகள் கருகிப்போவது வழக்கம்.

சுவிட்சு ரிலேச் சுருளின் எப்பக்கத்தில் உள்ளது என்பது ஊர்திக்கு ஊர்தி வேறுபடும். பெரும்பாலும் சாவிக்கும் சுருளுக்கும் இடையில், நேர்மின் பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் சுருளுக்கும் எர்த்துக்கும் இடையில் இருக்கும். கிரைசிலரின் பழைய டார்க்ஃபிளைட்டு தன்னியக்கக் கியர் பின்னதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. கியர்ப் பெட்டியில் திருகப்பட்ட மூன்று முனைச் சுவிட்சின் நடுமுனை, நிறுத்த நிலையிலும் நடுநிலையிலும் பெட்டியின் உலோகத்தோடு தொடுப்புண்டு ரிலேக்கு எர்த்து கொடுக்கின்றது. இரு ஓர முனைகளும் பின்னோக்கு விளக்குக்கு உரியவை. சோதனையைத் தொடங்குமுன் அந்த ஊர்தியின் மின்சுற்று வரைபடத்தில் இதனை உறுதிசெய்துகொள்ளாவிடில், இல்லாத 12 வோல்ட்டைத் தேடிக் காலம் வீணாகும்.

கிளட்ச் சுவிட்சு, ஓட்டுநரின் கால்மாட்டில் மிதியைத் தாங்கும் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மிதி அடிவரை செல்லும்போது அதன் கை, சுவிட்சின் முனையை அழுத்துகின்றது. பல ஊர்திகளில் இவ்விடத்தில் இரு சுவிட்சுகள் உள்ளன. மிதி மேலே இருக்கும்போது அழுத்தப்பட்டிருப்பது, வேகக் கட்டுப்பாட்டை (குரூசு கண்ட்ரோல்) விடுவிக்கவும் பொறிக் கணினிக்குத் தகவல் தரவும் பயன்படுவது. மிதி கீழே செல்லும்போது அழுத்தப்படுவதே தொடக்கத்துக்குரியது. ஒன்றை மாற்ற எண்ணி மற்றொன்றை மாற்றிவிடுவது அடிக்கடி நிகழும் பிழை.

தன்னியக்கக் கியரில் சுவிட்சு மூன்று இடங்களில் ஒன்றில் காணப்படும்: கியர்த் தண்டின் அடியில், கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில், அல்லது பெட்டியின் உள்ளே. பக்கவாட்டு வகையில் தேர்வுத் தண்டு சுவிட்சின் நடுவே புகுந்து அதனைச் சுழற்றுகின்றது. பின்னோக்கு விளக்குக்கான தொடுமுனைகளும் இதிலேயே இருப்பது வழக்கம். அண்மைக் காலச் சுவிட்சுகள் உண்மையில் நிலை உணரிகள். சிலவற்றில் நான்கு கம்பிகளின் திறந்த, மூடிய நிலைகளின் சேர்க்கை கணினிக்கு எந்நிலை எனத் தெரிவிக்கின்றது, அவற்றுள் ஒரு கம்பி பிற மூன்றும் சரியா எனச் சரிபார்ப்பதற்கு உரியது. இவ்வகை ஊர்திகளில் ரிலேயை இயக்குவது சாவியன்று, கணினியே.

தன்னியக்கக் கியர் ஊர்திகளில் பிரேக்கை அழுத்தாமல் தண்டினை நிறுத்த நிலையிலிருந்து நகர்த்த முடியாதவாறு ஒரு பூட்டும் உண்டு. 2010 செப்டம்பர் 1 முதல் தயாரிக்கப்பட்ட அமெரிக்கத் தானுந்துகளில் இது கட்டாயம். இதுவும் நடுநிலைச் சுவிட்சும் ஒன்றல்ல. முன்னது தண்டைத் தடுக்கின்றது, பின்னது தொடக்கியைத் தடுக்கின்றது.

அறிகுறிகள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். பொறி சுழல்கின்றது, ஆனால் பற்றவில்லை என்றால் குறை எரிபொருளிலோ தீப்பொறியிலோ உள்ளது. பாதுகாப்புச் சுவிட்சை அதற்குக் குற்றம் சொல்ல இடமில்லை. பொறி சுழலவே இல்லை என்றால் மட்டுமே இக்கட்டுரையின் சோதனைகள் பொருந்தும்.

சுவிட்சின் பழுதிற்கே உரிய அடையாளம் அமைதி ஆகும். முகப்புப் பலகை விளக்குகள் பிரகாசமாக எரிய, சாவியைத் திருப்பினால் "டிக்" ஒலிகூட எழுவதில்லை. முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது எளிய, ஆனால் மிகப் பயனுள்ள சோதனை. விளக்கு மங்கிச் சாகும் அளவுக்குக் குறைந்தால் மின்கலம் வலுவிழந்துள்ளது, அல்லது மின்கல முனைகள் அரித்துள்ளன, அல்லது மோட்டார் இறுகியுள்ளது. அதாவது மின்சாரம் கேட்கப்படுகின்றது, கிடைக்கவில்லை. விளக்கில் மாற்றமே இல்லையென்றால் மின்சாரம் கேட்கப்படவே இல்லை. கட்டுப்பாட்டுச் சுற்றில் எங்கோ திறப்பு உள்ளது. இவ்விரண்டாவது நிலையில்தான் சுவிட்சு ஐயத்துக்கு உரியதாகின்றது. சில ஊர்திகளில் சாவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பும்போது முன்விளக்கு தானே அணைக்கப்படும். அவற்றில் உள்விளக்கைப் பார்க்கலாம்.

பழுது நிலையாக இல்லாமல் வந்துபோவதும் உண்டு. நிறுத்த நிலையில் கிளம்பாத ஊர்தி நடுநிலையில் கிளம்பினால், சுவிட்சு இடம்பெயர்ந்துள்ளது அல்லது தேர்வுக் கம்பிவடம் நீண்டுள்ளது. கிளட்சைக் காலால் உதைப்பதுபோல் அழுத்தினால் மட்டும் கிளம்பும் ஊர்தியில் மிதியின் ஓட்டம் போதவில்லை. தண்டு நடுநிலையில் உள்ளபோது பின்னோக்கு விளக்கு எரிவதும், பின்னோக்கு நிலையில் எரியாமல் இருப்பதும், இரண்டும் ஒரே சுவிட்சில் அமைந்த ஊர்திகளில் இதே இடப்பெயர்ச்சியைக் காட்டுவனவாம்.

ஊர்தித் திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு (இம்மொபிலைசர்) இதே அமைதியை உண்டாக்கவல்லது. சாவி வடிவிலோ பூட்டு வடிவிலோ உள்ள எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சுவிட்சைத் தொடுமுன் மாற்றுச் சாவியை முயன்று பார்ப்பது நல்லது.

சோதிக்கும் முறை

சோதிக்கும்போது பொறி எதிர்பாராமல் கிளம்பலாம் என்று எண்ணியே வேலை செய்யவேண்டும். ஊர்தியைச் சமதளத்தில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்னும் பின்னும் எவரும் இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பிரேக்கை மிதித்தவாறு அமர்ந்திருப்பது சிறந்தது. திசைமாற்றியின் அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்பிகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றில் சோதனை விளக்கைச் செருகக்கூடாது.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடியவை சில உண்டு. பிரேக்கை உறுதியாக அழுத்திக்கொண்டு, சாவியைத் தொடக்க நிலையில் பிடித்தவாறே கியர்த் தண்டை நிறுத்த நிலையிலும் நடுநிலையிலும் சற்றே முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் தொடக்கி உயிர்பெற்றால் விடை கிடைத்துவிட்டது. கைமுறை ஊர்தியில் முதலிற் பார்க்கவேண்டியது தரைவிரிப்பு. மிதியின் அடியில் சுருண்ட தடித்த விரிப்பு, மிதியை அடிவரை போகவிடாமல் தடுத்து, ஒரு நல்ல சுவிட்சைப் பழுதடைந்ததாகக் காட்டிவிடும்.

விரிப்பை எடுக்கும்போது அதன்மேல் நொறுங்கிய சிறு பிளாத்திக்குத் துண்டுகள் கிடக்கின்றனவா எனவும் பார்க்கவேண்டும். பல தயாரிப்புகளில் மிதியின் கையிலுள்ள ஒரு துளையில் பிளாத்திக்கு அல்லது இரப்பர்க் குமிழ் ஒன்று செருகப்பட்டிருக்கும். சுவிட்சின் முனை முட்டுவது இக்குமிழின் மீதே. ஆண்டுகள் கடந்து குமிழ் வெப்பத்தில் மட்கி நொறுங்கியவுடன், சுவிட்சின் முனை வெறும் துளைக்குள் புகுந்துவிடும். மிதி எவ்வளவு அழுந்தினாலும் சுவிட்சு அழுந்தாது. நேற்று மாலை ஓடிய ஊர்தி இன்று காலை ஊமையாகிவிடும். மின்கலத்தையும் மோட்டாரையும் மாற்றிய பின்னரும் தீராத இக்குறை, சில உரூபாய் பெறுமதியுள்ள ஒரு குமிழால் தீர்ந்துபோகும். இதே குமிழ் பிரேக் மிதியில் உடைந்தால் பின்புற நிறுத்த விளக்கு இரவு முழுதும் எரிந்து மின்கலத்தை வெறுமையாக்கும். எனவே ஒன்றைக் கண்டால் மற்றதையும் பார்த்துவிடவேண்டும்.

இவற்றில் தெளிவு கிட்டாவிடில் மல்டிமீட்டர் தேவைப்படும். முதலில் மின்கலம். ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டுவது முழு மின்னேற்றம். அடுத்துத் தொடக்கச் சுற்றின் உருகி (பியூஸ்). பிறகு ரிலே. ஒருவர் சாவியைத் திருப்ப, ரிலேயின் மேல் விரலை வைத்தால் அது மூடுவது அதிர்வாகத் தெரியும். ரிலே மூடுகின்றதெனில் பாதுகாப்புச் சுவிட்சு தன் கடமையைச் செய்துவிட்டது. குறை அதற்கு அப்பால், ரிலேயின் தொடுமுனைகளிலோ சொலினாய்டிலோ மோட்டாரிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையால் பாதித் தேடல் முடிந்துவிடுகின்றது. ரிலேயின் மீதே ஐயமிருப்பின், அதே எண்ணும் வகையும் கொண்ட ஒலிப்பான் (ஹாரன்) ரிலேயுடன் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

ரிலே மூடவில்லையெனில் அதைக் கழற்றி, குழியில் 85, 86 என்னும் எண்களுக்குரிய முனைகளுக்கு இடையே ஒரு சிறு சோதனை விளக்கை இணைத்து, கிளட்சை அழுத்திச் சாவியைத் திருப்பவேண்டும். (இவ்வெண்கள் செருமானியத் தரத்தின்படி அமைந்தவை, சுருளின் இரு முனைகளைக் குறிப்பன. ரிலேயைக் கணினி நேரடியாக இயக்கும் ஊர்திகளில் இழை விளக்குக்குப் பதில் மல்டிமீட்டரையே பயன்படுத்தவேண்டும்.) விளக்கு எரிந்தால் சாவி, சுவிட்சு, எர்த்து அனைத்தும் நலம், ரிலேயே பழுது. எரியாவிடில் எப்பக்கம் அறுந்துள்ளது என்று காணவேண்டும். ஒரு முனைக்கும் நல்ல எர்த்துக்கும் இடையே விளக்கு எரிந்தால் நேர்மின் பக்கம் வந்துசேர்கின்றது. மற்ற முனைக்கும் மின்கல நேர்முனைக்கும் இடையே எரிந்தால் எர்த்துப் பக்கம் நலம். எப்பக்கம் சாவியில்லையோ அப்பக்கமே தேடவேண்டிய பக்கம் என்று சொல்வதற்கில்லை. சுவிட்சு எப்பக்கத்தில் உள்ளது என்பதை வரைபடத்தில் கண்டு முடிவுசெய்ய வேண்டும்.

இனிச் சுவிட்சை அணுகலாம். அதன் இணைப்பியை (பணிமனை வழக்கில் "கப்ளர்") கழற்றாமல், பின்புறமாக மீட்டரின் ஊசிகளைச் செருகி அளப்பதே சரியான முறை. நேர்மின் பக்கத்துச் சுவிட்சாயின், சாவி தொடக்க நிலையில் உள்ளபோது அதன் உள்வரும் கம்பியில் ஏறத்தாழ மின்கலத்தின் மின்னழுத்தம் இருக்கவேண்டும். இல்லையெனில் குறை சாவித்துளைச் சுவிட்சிலோ இடைப்பட்ட கம்பியிலோ உள்ளது. உள்வரும் கம்பியில் இருந்து, மிதியை அடிவரை அழுத்தியும் வெளிச்செல்லும் கம்பியில் இல்லையெனில், சுவிட்சு மூடவில்லை.

மீட்டரின் இரு ஊசிகளையும் சுவிட்சின் இரு முனைகளில் வைத்து அளப்பது இன்னும் நுட்பமானது. 12 வோல்ட் காட்டினால் சுவிட்சு திறந்துள்ளது என்பதோடு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சுற்று முழுதும் நலம் என்பதும் தெரிகின்றது. 0.2 வோல்ட்டுக்குக் குறைந்தால் சுவிட்சு நன்றாக மூடியுள்ளது. இடைப்பட்ட அளவு, எடுத்துக்காட்டாக 3 அல்லது 4 வோல்ட், கருகிய தொடுமுனையைக் காட்டும். ஆனால் சுழியம் காட்டுவதற்கு இரு பொருள் உண்டு: சுவிட்சு மூடியிருக்கலாம், அல்லது மின்சாரமே அவ்விடத்துக்கு வராமல் இருக்கலாம். உள்வரும் மின்னழுத்தத்தை முதலில் அளந்து கொள்ளாதவர்கள் இங்கேதான் வழுக்குகின்றனர்.

சுவிட்சைக் கழற்றி ஓம் அளவில் சோதிப்பதும் உண்டு. அழுத்தும்போது ஓர் ஓமுக்கும் குறைவு, விடும்போது முடிவிலி என்பது எதிர்பார்க்கப்படும் விடை. எனினும் மீட்டர் அனுப்பும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு ஒற்றை இழை எஞ்சிய கம்பியும் நல்ல கம்பியாகவே தோன்றும். சுமையோடு அளக்கும் மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனையை நம்பலாம். ஓம் சோதனையைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளலாம்.

கணினி வழி இயங்கும் ஊர்திகளில் பழுதறி கருவி பேருதவி செய்கின்றது. கிளட்ச் சுவிட்சின் உள்ளீட்டுச் சுற்றுக் குறைக்குப் பி0704, கியர் நிலை உணரியின் சுற்றுக் குறைக்குப் பி0705, நிறுத்த/நடுநிலைச் சுவிட்சின் உள்ளீட்டுக் குறைக்குப் பி0850, தொடக்க ரிலேயின் சுற்றுக் குறைக்குப் பி0615 ஆகியன பொதுக் குறியீடுகள். குறியீடு ஒரு சுற்றைச் சுட்டுகின்றது, ஓர் உறுப்பைச் சுட்டுவதில்லை. பி0705 கண்டவுடன் உணரியை வாங்க ஓடுபவர், அரித்துப்போன இணைப்பியை அப்படியே விட்டுவிடுவர். குறியீட்டைவிட நிகழ்நேரத் தரவுகள் பயனுள்ளவை. மிதியை மெல்ல அழுத்தும்போது திரையில் "அழுத்தப்பட்டது" என எப்போது மாறுகின்றது என்பதைக் கண்ணால் காணலாம். தண்டை ஒவ்வொரு நிலையாக நகர்த்தி, கை வைத்த நிலையும் கணினி கருதும் நிலையும் ஒன்றா எனப் பார்க்கலாம்.

கிளட்சின் பழுதும் சுவிட்சின் பழுதும்

சுவிட்சு உணர்வது மிதியை; கிளட்சை அன்று. பாதுகாப்பைப் பொறுத்தவரை இச்சுவிட்சின் மிகப் பெரிய குறைபாடு இதுவே. நீர்ம விசையால் இயங்கும் கிளட்சில் மூல உருளை கசிந்தோ காற்று புகுந்தோ இருந்தால், மிதி தடையின்றித் தரைக்குச் செல்லும். சுவிட்சும் முறைப்படி மூடும். ஆனால் கிளட்ச் பிரிந்திருக்காது. ஊர்தி முதற் கியரில் நிறுத்தப்பட்டிருந்தால் கிளட்சை முழுதும் அழுத்தியிருந்தும் அது துள்ளிப் பாயும். ஆகவே கிளட்சை அழுத்துவதோடு தண்டு நடுநிலையில் உள்ளதா எனவும் கையால் அசைத்துப் பார்ப்பது, சுவிட்சு இருந்தாலும் கைவிடத்தக்க பழக்கமன்று.

கிளட்ச் முழுமையாகப் பிரிகின்றதா என அறிய, பொறி ஓடுகையில் நடுநிலையில் மிதியை அழுத்திச் சில நொடிகள் காத்திருந்து பின்னோக்குக் கியரைப் போட்டுப் பார்க்கலாம். பற்கள் உரசும் ஒலி எழுந்தால் கிளட்ச் இழுக்கின்றது. மாறாக, கைத்தடையை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியரில் மிதியை மெல்ல விடும்போது பொறி நின்றுவிடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகின்றது. இவை சுவிட்சோடு தொடர்பற்றவை. எனினும் ஒரு தொடர்பு மறைமுகமாக உண்டு: மிதியின் சுழலச்சிலுள்ள புஷ் தேய்ந்தால் மிதி பக்கவாட்டில் சாய்ந்து சுவிட்சின் முனையைத் தவறவிடும்.

சரிசெய்தல்

கிளட்ச் சுவிட்சுகள் பெரும்பாலும் மரையும் பூட்டுமரையும் கொண்டவை. தளர்த்தித் திருகி இடம் மாற்றலாம். மிதி தரையைத் தொடுமுன் சற்று மேலேயே, ஆனால் கிளட்ச் முழுதும் பிரிந்த பின்னரே சுவிட்சு மூடுமாறு அமைக்கவேண்டும். ஊர்தி எளிதாகக் கிளம்பவேண்டும் என்பதற்காகப் பாதி மிதியிலேயே மூடுமாறு வைத்தால் சுவிட்சு இருந்தும் இல்லாததாகும்.

கியர்ப் பெட்டியின் பக்கவாட்டுச் சுவிட்சு, நீள்துளைகளில் இரு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். தண்டை நடுநிலையில் வைத்து, திருகாணிகளைத் தளர்த்தி, சுவிட்சின் மீதுள்ள குறியும் நெம்புகோலின் குறியும் ஒரே கோட்டில் வருமாறு திருப்பி இறுக்கவேண்டும். சில வகைகளில் குறிக்குப் பதிலாக ஒரு சிறு துளையில் ஊசி அல்லது துளையிடு அலகைச் செருகி நிலைநிறுத்துவர். அதற்கு முன் தேர்வுக் கம்பிவடத்தின் நீளம் சரியா எனப் பார்ப்பது இன்றியமையாதது. நீண்ட கம்பிவடத்துக்கு ஏற்பச் சுவிட்சைத் திருப்பி வைப்பது ஒரு பிழையை மற்றொரு பிழையால் மறைப்பதாகும். வெள்ளநீரில் நின்ற ஊர்திகளில் இச்சுவிட்சின் இணைப்பியைத் திறந்து பச்சை பூத்த முனைகளைத் துப்புரவாக்குவதே பலவேளை போதுமானது. வேலை முடிந்தபின் நிறுத்த நிலையிலும் நடுநிலையிலும் கிளம்புகின்றதா என்று மட்டுமன்றி, பிரேக்கை அழுத்திக்கொண்டு பிற நிலைகளில் கிளம்பாமல் இருக்கின்றதா என்றும் சோதிக்கவேண்டும். இந்த இரண்டாம் பாதியே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

சுவிட்சைக் கடந்து இணைத்தல்

சுவிட்சின் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் ஊர்தி உடனே கிளம்பும். குறையைக் கண்டறிய ஒரு கணம் இவ்வாறு செய்வது ஏற்கத்தக்கதே. தண்டு நடுநிலையில், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையுடன், ஒருவர் இருக்கையில் அமர்ந்திருக்க மட்டும். வழியில் நின்றுபோன ஊர்தியை வீடுவரை கொண்டுவர இது உதவலாம். தீங்கு விளைவது, அந்த முறுக்கு அப்படியே விடப்பட்டு, கறுப்பு நாடா சுற்றப்பட்டு, மறக்கப்படும்போதுதான். சன்னல் வழியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பும் வழக்கம் உடையவர்கள் பலர். கியரில் நிறுத்தப்பட்ட ஊர்தியின் முன்னே அப்போது யார் நிற்கின்றார் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். ஊர்தியை முன்பின் அறியாத அடுத்த உரிமையாளருக்கு அது தெரிய வழியில்லை.

பயன்படுத்திய தானுந்தை வாங்குவோர் இதனை எளிதாகக் கண்டறியலாம். கைத்தடையை இழுத்து, முன்னும் பின்னும் வெற்றிடமாக இருக்க, தண்டை நடுநிலையில் வைத்துக் கிளட்சைத் தொடாமல் சாவியைத் திருப்பவேண்டும். கையேட்டில் கிளட்சை அழுத்தவேண்டும் எனக் கூறப்பட்ட ஊர்தி இப்போது கிளம்பினால், சுவிட்சு மூடியவாறே சிக்கியுள்ளது அல்லது எவரோ கம்பிகளை இணைத்துள்ளனர். நடுநிலை உணரியும் பொருத்தப்பட்ட சில ஊர்திகள் நடுநிலையில் கிளட்ச் இல்லாமலே கிளம்புமாறு வடிவமைக்கப்பட்டவை என்பதால் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

பிற ஊர்திகளில்

கிளட்ச் மிதியில்லாமல் கைமுறைக் கியரையே மோட்டார்களால் மாற்றும் ஏஎம்டி வகை ஊர்திகள், 2014 இல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து இந்தியாவில் பரவியுள்ளன. இவற்றுள் பலவற்றில் நிறுத்த நிலை கிடையாது. நடுநிலையில் பிரேக்கை அழுத்தியே கிளப்பவேண்டும். எனவே பிரேக் மிதியின் சுவிட்சும் இங்கு தொடக்கச் சுற்றின் ஓர் உறுப்பாகின்றது. நிறுத்த விளக்கு எரியாத ஏஎம்டி ஊர்தி கிளம்ப மறுத்தால் முதலில் அச்சுவிட்சையே பார்க்கவேண்டும்.

விசையுந்துகளில் (மோட்டார் சைக்கிள்) கைப்பிடியின் அடியிலுள்ள கிளட்ச் சுவிட்சும் நடுநிலைச் சுவிட்சும் ஒன்றுக்கொன்று மாற்றாக இணைக்கப்படுவது வழக்கம். நடுநிலை விளக்கு எரியும்போது கிளம்பி, கியரில் கிளட்சைப் பிடித்தபோது கிளம்பாவிடில் குறை கிளட்ச் சுவிட்சில் உள்ளது எனக் கருவியின்றியே சொல்லிவிடலாம். மழைநீரும் சேறும் புகும் இடத்தில் அமைந்திருப்பதே அதன் பழுதிற்குப் பொதுக் காரணம்.

இச்சுவிட்சைக் கடப்பதன் ஆபத்து மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது உழவு இயந்திரங்களில் (டிராக்டர்) ஆகும். சாவி வேலை செய்யாதபோது தரையில் நின்றவாறே திருப்புளியால் தொடக்க மோட்டாரின் இரு முனைகளையும் தொட்டு இணைத்துக் கிளப்புவது பல நாடுகளிலும் காணப்படும் பழக்கம். இவ்வாறு செய்யும்போது மின்சாரம் கிளட்ச், நடுநிலைச் சுவிட்சுகள் எதனையும் கடக்காமல் நேரே மோட்டாருக்குச் செல்கின்றது. மோட்டாரை எட்டுவதற்காக அவர் நிற்கும் இடமோ பெரிய பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். இயந்திரம் கியரில் இருந்தால் விலகுவதற்கு அவகாசம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாறு நேர்ந்த உயிரிழப்புகளைத் தொடர்ந்து, தயாரிப்பாளர்கள் புதிய உழவு இயந்திரங்களில் தொடக்க மோட்டாரின் முனைகளை மூடிகளால் மறைத்து, அவற்றின்மேல் எச்சரிக்கை ஒட்டிகளையும் பதித்தனர். பழைய இயந்திரங்களுக்கு இம்மூடிகளைத் தனியே வாங்கிப் பொருத்தலாம்.